குளநெல்லும் 59 என்ற எண்ணும்

மழைக்காலத்தில் நிறைந்து கோடையில் வெடித்துக் கிடக்கும் குளக்கரைகளிலும் சாலையோரப் பள்ளங்களிலும் யாரும் விதைக்காத ஒரு நெல் முளைக்கிறது. பழைய தமிழில் அதற்குக் குளநெல் என்று பெயர். வடமொழியில் நீவாரம். அந்த வடமொழிப் பெயரையே கொண்டு 1965இல் தாவரவியலார் அதற்கு ஒரைசா நிவாரா என்று பெயரிட்டார்கள். செடி நிமிர்ந்து நிற்காமல் சாய்ந்து படரும். கதிரில் மணிகள் நெருக்கமாக இருக்காது. ஒவ்வொரு மணியின் நுனியிலும் விரல்நீள வால் இருக்கும். அந்த வால் நெடுகச் சட்டையைப் பற்றிக்கொள்ளும் சுணை. மணி முற்றியதும் கதிரில் தங்காது. காற்று அசைத்தாலே நீரிலும் சேற்றிலும் உதிர்ந்துவிடும். வயலுக்குள் தலைகாட்டினால் களை என்று பிடுங்கி எறிவார்கள். எறிவதும் நியாயம்தான்.

இந்தச் செடி ஆசியாவின் நெல்லை ஒருமுறை காப்பாற்றியிருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் புல் குட்டை நோய் என்ற வைரஸ் நோய் தென்கிழக்காசிய வயல்களில் பரவியது. புகையான் பூச்சி சாறு உறிஞ்சும்போது இந்த வைரஸைச் செடிக்குச் செடி கடத்துகிறது. நோய் பிடித்த பயிர் குட்டையாகி, புல் புதர்போல ஏராளமாகத் தூர் வெடித்து, இலை குறுகி வெளிறும், கதிர் வராது. பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 6,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளை நோய்க்கு ஆட்படுத்திப் பார்த்தது. தாங்கியது ஒன்றே ஒன்று. அது உத்தரப் பிரதேசத்தின் கோண்டா பகுதியில் திரட்டிய நிவாரா. அங்கே பணிபுரிந்த நெல் பெருக்க அறிஞர் குர்தேவ் குஷ் தலைமையில் அந்த எதிர்ப்பு மரபணுவைச் சாகுபடி நெல்லுக்குள் கொண்டுவந்தார்கள். 1974இல் ஐஆர் 28, 29, 30 ஆகிய நெல் ரகங்கள் வந்தன. 1976இல் வந்த ஐஆர் 36, 1980களில் சுமார் 1.1 கோடி ஹெக்டேரில் பயிரானது.

இந்த வரலாற்றில் பெரும்பாலும் விட்டுப்போகும் ஒரு செய்தி இருக்கிறது. அந்த ஒரே மாதிரிக்குள்ளும் எல்லாச் செடிகளும் நோயைத் தாங்கவில்லை. சில செடிகள் மட்டுமே தாங்கின. ஆக, நிவாரா என்ற இனத்துக்கு எதிர்ப்புத்திறன் இருந்தது என்று சொல்வது சரியாகாது. ஒரு குறிப்பிட்ட ஊரின் ஒரு குறிப்பிட்ட கூட்டத்தில் சில செடிகளுக்கு அது இருந்தது. திரட்டியவர் அடுத்த பள்ளத்தில் விதை எடுத்திருந்தாலோ, அதே பள்ளத்தில் இரண்டு மூன்று செடிகளோடு நிறுத்தியிருந்தாலோ அது கைக்கு வராமலே போயிருக்கலாம். பயிர்களின் காட்டு உறவினங்களைப் பற்றிப் பேசும்போது இனத்தின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்வது போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. எந்தக் குளம், எத்தனை செடி, எந்தெந்தச் செடி என்ற கேள்விகளில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

எத்தனை செடி என்ற கேள்விக்கு எளிய கணக்கு உண்டு. ஒரு மரபணுவுக்கு ஒரு கூட்டத்தில் பல வடிவங்கள் இருக்கும். நமக்கு வேண்டிய வடிவம் அந்தக் கூட்டத்தில் 100க்கு 5 என்ற அளவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மரபணுவின் ஒரு பிரதியை எடுக்கும்போது வேண்டிய வடிவம் தவறும் வாய்ப்பு 0.95. இரண்டு எடுத்தால் 0.95 பெருக்கல் 0.95. இப்படியே 59 முறை பெருக்கினால் 0.0485 வரும். அதாவது 59 பிரதிகள் எடுத்தால் 95 சதவீத உறுதியோடு அந்த வடிவம் நம் பையில் இருக்கும். அது 100க்கு 1 என்ற அளவில்தான் இருக்கிறது என்றால் 299 பிரதிகள் வேண்டும். விதை திரட்டுவோர் ஒரு கூட்டத்துக்கு 50 முதல் 100 செடி என்று பொதுவாகச் சொல்வது இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். 1970களின் நடுவில் மார்ஷல், பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் அதை வகுத்தார்கள். பத்தில் ஒரு செடியில் இருக்கும் பண்பைக்கூட 6 செடிகளோடு நிறுத்திக்கொண்டால் பாதிக்கு மேற்பட்ட வாய்ப்பில் இழந்துவிடுவோம்.

ஆனால் பிரதி வேறு, செடி வேறு. இங்கேதான் இனத்துக்கு இனம் வழி மாறுகிறது.

ஒவ்வொரு செடியிலும் ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதிகள் உண்டு. அயல் மகரந்தம் ஏற்கும் செடியில் இந்த இரண்டும் வெவ்வேறு இடத்திலிருந்து வந்தவை; அங்கே 30 செடிகளே 59 பிரதிகளைத் தந்துவிடும். தன் மகரந்தத்தாலேயே தலைமுறை தலைமுறையாகக் காய்க்கும் செடியில் இரண்டு பிரதிகளும் ஏறக்குறைய ஒன்றேதான். அங்கே 59 செடிகள் வேண்டும். நிவாரா பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கைக்காரி, ஒரே பருவத்தில் முடிந்துபோகும் செடி. அதன் நெருங்கிய உறவான ஒரைசா ருஃபிபோகன் ஆழ்ந்த நீரில் பல ஆண்டு வாழ்வது, அயல் மகரந்தத்தைக் கணிசமாக ஏற்பது. பூவைப் பிரித்துப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். ருஃபிபோகனின் மகரந்தப்பைகள் பெரும்பாலும் 4 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு தொங்கும், சூலகமுடி உமிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நிவாராவின் மகரந்தப்பை பெரும்பாலும் 3 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

இதன் விளைவு பெரிது. நிவாராவில் ஒரு குளத்துச் செடிகள் தமக்குள் ஒத்திருக்கும். அடுத்த குளத்துச் செடிகளிலிருந்து வேறுபட்டிருக்கும். பன்மயம், அதாவது மரபு வேறுபாடு, குளங்களுக்கு இடையே கிடக்கிறது. ருஃபிபோகனில் ஒரே ஏரிக்குள்ளேயே அதிகப் பன்மயம் இருக்கும். ஆகவே நிவாராவுக்குப் பல இடங்கள் போக வேண்டும்; ஒவ்வொரு சிறு பள்ளத்துக்கும் தனி மதிப்பு உண்டு. சாலை அகலப்படுத்தலில் ஒரு பள்ளம் தூர்ந்தால், பக்கத்து ஊரில் இருக்கிறதே என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள முடியாது. ருஃபிபோகனுக்குச் சில பெரிய கூட்டங்களைப் பிடித்து, ஒவ்வொன்றிலும் நிறையச் செடிகளிலிருந்து எடுக்கலாம். ஆனால் அங்கே வேறொரு பொறி இருக்கிறது. ருஃபிபோகன் கணுக்களில் வேர்விட்டுப் படரும். ஏரியோரத்தில் 5 மீட்டர் அகலத்துக்கு நிற்கும் புதர் முழுவதும் ஒரே செடியாக இருக்கலாம். அதில் 20 கதிர் பறித்தாலும் கையில் இருப்பது ஒரே செடியின் விதை. எனவே சில மீட்டர் இடைவெளி விட்டு விட்டு எடுக்க வேண்டும். ஐயம் இருந்தால் இலையின் டிஎன்ஏவைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

களத்தில் திரட்டும் வேலை பொறுமையைக் கேட்பது. சாகுபடி நெல்லில் வயல் முழுதும் ஒரே வாரத்தில் முற்றுகிறது. குளநெல்லின் ஒரே கதிரில் மேல்நுனி மணிகள் உதிர்ந்துகொண்டிருக்கும்போது அடிமணிகள் பால் பிடித்துக்கொண்டிருக்கும். கையால் உருவி எடுத்தால் வருபவை பெரும்பாலும் பிஞ்சுகள், ஏனென்றால் முற்றியவை ஏற்கெனவே சேற்றில். பிஞ்சு விதை உலர்ந்ததும் முளைப்பை விரைவில் இழந்துவிடும். நகத்தால் அழுத்தும்போது பால் வந்தால் அந்தக் கதிர் இன்னும் ஆகவில்லை. நம்பகமான வழி, பூத்து முடிந்து ஒரு வாரம் பத்து நாளில் கதிரை நைலான் வலைப்பையால் மூடிக் காம்பில் கட்டிவிட்டு, உதிர்வது பைக்குள்ளேயே உதிரட்டும் என்று விட்டுவிட்டு, மறுபடி வருவது. பாலித்தீன் பை உதவாது. உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும். ஒவ்வொரு செடியிலிருந்தும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் எடுக்க வேண்டும். கொழுத்த ஒரு செடியிலிருந்து 500 மணியும் மற்றவற்றிலிருந்து ஐந்தைந்தும் எடுத்தால் பை நிறையும், பன்மயம் நிறையாது. நின்று முற்றிய விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. ஓராண்டுச் செடியான நிவாராவுக்கு அடுத்த ஆண்டு முளைக்க மண்ணில் விழும் விதை மட்டுமே கதி. செடிவாரியாகத் தனித்தனி உறையில் இடுவது நல்லது. எதிர்ப்புத்திறன் சில செடிகளில் மட்டும் இருந்த கோண்டா மாதிரியை நினைத்தால் காரணம் விளங்கும். டிஎன்ஏவுக்கு வேண்டிய இலைத்துண்டை, அதன் எடையைப்போல் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லில் இட்டு அன்றைக்கே உலர்த்திவிட வேண்டும். மெதுவாகக் காய்ந்தால் டிஎன்ஏ சிதையும்.

விதை வங்கிக்குள் வந்த பிறகும் இழப்பு நின்றுவிடுவதில்லை. 15 டிகிரி வெப்பம், 15 சதவீதக் காற்று ஈரப்பதம் உள்ள அறையில் மெல்ல உலர்த்தி, அலுமினிய உறையில் அடைத்து மைனஸ் 18 டிகிரியில் வைக்கிறார்கள். அவ்வப்போது முளைப்புச் சோதனை நடக்கும். காட்டு நெல்லுக்கு உறக்கம் அதிகம். உயிரோடு உறங்கும் விதையைச் செத்த விதை என்று கணக்கெழுதிவிடும் ஆபத்து உண்டு. 50 டிகிரி வெப்பத்தில் 5 முதல் 7 நாள் வைத்து, பிறகு உமியை நீக்கிச் சோதித்தால் உண்மை தெரியும். முளைப்புக் குறைந்தால் மறுபடி வளர்த்து விதையைப் புதுப்பிக்க வேண்டும். அந்த நேரத்தில் அயல் மகரந்தம் ஏற்கும் இனத்தில் 10 செடி மட்டும் வளர்த்தால், அந்த ஒரு தலைமுறையிலேயே கூட்டத்தின் மரபு வேறுபாட்டில் சராசரியாக 5 சதவீதம் போய்விடும். மூன்று முறை புதுப்பித்தால் மிஞ்சுவது 86 சதவீதம். 50 செடி வளர்த்தால் 97 சதவீதம் மிஞ்சும். இடமும் ஆளும் போதாத வங்கிகளில் முதலில் அடிபடுவது இந்த எண்ணிக்கைதான். வெளியே தெரியாது, உறை அப்படியே இருக்கும், எண் அப்படியே இருக்கும், உள்ளே இருப்பது ஒவ்வொரு சுற்றிலும் மெலிந்துகொண்டே போகும். புதுப்பிக்கும் செடிகளை வயலில் நடவும் கூடாது. உதிர்ந்த விதை ஆண்டுக்கணக்கில் முளைத்து அடுத்த மாதிரியோடு கலந்துவிடும். தொட்டியில் நட்டு, கதிருக்குப் பை கட்டி, மற்ற நெல்லின் மகரந்தம் எட்டாத தடுப்புக்குள் வளர்க்க வேண்டும்.

மெலிந்த செடியில் என்ன இருந்துவிடப்போகிறது என்று பார்வையால் முடிவுகட்டுவது பெரிய தவறு. 1996இல் வெளியான ஓர் ஆய்வு மலேசியாவின் ருஃபிபோகன் ஒன்றைச் சீனத்தின் உயர்விளைச்சல் வீரிய நெல்லோடு கலப்பினம் செய்து பார்த்தது. அந்தக் காட்டு நெல்லிலிருந்து வந்த இரண்டு குரோமோசோம் பகுதிகள், விளைச்சலை ஒவ்வொன்றும் 17, 18 சதவீத அளவில் கூட்டின. தானே கைப்பிடி நெல்கூடத் தராத செடி அது. விளைச்சலைக் கூட்டும் வடிவமும் குறைக்கும் வடிவமும் ஒரே உடலில் கலந்து கிடப்பதால் வெளித்தோற்றம் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. மனிதர் நெல்லைப் பழக்கிய காலத்தில் உதிராத மணி, நிமிர்ந்த தண்டு, வெள்ளை அரிசி என்று தேடித்தேடி மிகச் சில செடிகளின் வாரிசுகளையே பெருக்கினார்கள். உதிர்வதைக் கட்டுப்படுத்தும் முக்கியமான ஒரு மரபணுவில் நடந்தது ஒரே ஓர் எழுத்து மாற்றம்தான், 2006இல் கண்டறிந்தார்கள். அந்த இறுக்கமான வடிகட்டலில் வெளியே நின்றுபோனவை எல்லாம் இன்னமும் குளத்தோரத்தில்தான் இருக்கின்றன.

அவற்றை உள்ளே கொண்டுவருவது நெருங்கிய உறவினங்களில் எளிது, தூரத்து உறவினங்களில் கடினம். நிவாரா, ருஃபிபோகன், ஆப்பிரிக்காவின் லாஞ்சிஸ்டமினாட்டா ஆகியவை சாகுபடி நெல்லோடு ஒரே மரபுத்தொகுதியைச் சேர்ந்தவை. வழக்கமாகச் சாகுபடி நெல்லையே தாயாக வைப்பார்கள், காட்டு நெல் தாயானால் பாடுபட்டு உண்டாக்கிய விதை உதிர்ந்துவிடும். மாலையில் பூவின் உமியில் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்து 6 மகரந்தப்பைகளையும் நீக்கி உறையிட்டு, மறுநாள் முற்பகலில் காட்டுச்செடியின் மகரந்தத்தை உதிர்க்க வேண்டும். நெல் மகரந்தம் சில நிமிடங்களே உயிரோடு இருப்பது. எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் தூவலாம் என்பது நடக்காது. அஃபிசினாலிஸ் போன்ற தூரத்து இனமென்றால் கரு உண்டானாலும் வளரும் மணிக்குள் பட்டினி கிடந்து சாகும். சுமார் 10 முதல் 14 நாளில் கருவைத் தனியே எடுத்து ஊட்டக் கரைசலில் வளர்த்தாக வேண்டும். பிறகு சாகுபடி நெல்லோடு திரும்பத் திரும்பப் பின்கலப்பு. ஒவ்வொரு சுற்றிலும் காட்டு மரபு பாதியாகும்: 50, 25, 12.5, 6.25 சதவீதம். இந்தக் கணக்கு மொத்தத்துக்குத்தான் பொருந்தும். வேண்டிய மரபணுவுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டு அத்தனை எளிதில் போகாது. உதிர்தலோ உயரமோ அதோடு வந்துவிடும்.

இந்த உழைப்பின் பலன் தமிழ்நாட்டுச் சந்தை வரை வந்திருக்கிறது. மாலி நாட்டின் லாஞ்சிஸ்டமினாட்டாவிலிருந்து கிடைத்த எக்ஸ்ஏ 21 என்ற மரபணு பாக்டீரியா இலைக்கருகலைத் தடுக்கிறது. நம் ஊரில் பிபிடி என்று அழைக்கும் சம்பா மசூரிக்குள் அதையும் வேறு இரண்டு எதிர்ப்பு மரபணுக்களையும் ஐதராபாத் ஆய்வு நிலையங்கள் சேர்த்தன. மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி 2008இல் வெளிவந்தது.

ஒரே செடியை நம்பி நிற்பதன் ஆபத்தும் இதே பயிரில் உண்டு. 1970 நவம்பரில் சீனத்தின் ஹைனான் தீவில், வீரிய ஒட்டு நெல்லின் முன்னோடியான யுவான் லாங்பிங்கின் குழுவைச் சேர்ந்த லீ பிஹு ஆண் மலடான, அதாவது தன் மகரந்தம் பயன்படாத, ஒரு காட்டு நெல் செடியைக் கண்டார். அத்தகைய செடியில் வேறு நெல்லின் மகரந்தத்தால் மட்டுமே விதை பிடிக்கும் என்பதால் ஒட்டு விதை உண்டாக்குவது எளிதாகிறது. சீனத்தின் வீரிய ஒட்டு நெல் 1976இல் பெரிய அளவில் பயிரானதற்கு அடித்தளம் அதுதான். இந்தியாவில் ஒட்டு விதை உண்டாக்கப் பெருமளவு பயன்பட்ட ஐஆர் 58025ஏ என்ற ஆண்மலட்டுத் தாய் வகை வரை அதே செடியின் வழியில் வந்தவை. மலட்டுத்தன்மை தாய்வழியில் மட்டும் செல்வது, ஆகவே இத்தனை வயல்களிலும் செல்லில் தாய்வழியாக வரும் பகுதி ஒன்றேதான். அதே 1970இல் அமெரிக்க மக்காச்சோளத்தில் இப்படி ஒரே வகை ஆண்மலட்டு விதை நாடெங்கும் பரவியிருந்தபோது, அதையே குறிவைத்த இலைக்கருகல் நோய் வந்து விளைச்சலில் சுமார் 15 சதவீதத்தை அழித்தது. நெல்லுக்கு அது இதுவரை நேரவில்லை. நேர்ந்தால் மாற்று வகையைத் தேடிப்போக வேண்டிய இடம் மறுபடியும் காட்டு நெல் கூட்டங்கள்தான்.

அந்தக் கூட்டங்கள் எப்படி அழிகின்றன? தூர்ப்பது, மண் கொட்டுவது, ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் நீர்நிலையை மூடிவிடுவது, இவை கண்ணுக்குத் தெரியும். தெரியாத வழி ஒன்றும் உண்டு. தைவானின் காட்டு நெல் 1970களின் இறுதிக்குள் இயற்கையில் அற்றுப்போனது. வாழிடம் சுருங்கியது ஒரு காரணம். சுற்றிலும் இருந்த வயல்களின் மகரந்தம் இன்னொரு காரணம். ஆயிரக்கணக்கான ஹெக்டேர் சாகுபடி நெல் பூக்கும் நடுவில் சில நூறு காட்டுச் செடிகள், வெளியே நீட்டிய சூலகமுடியோடு நின்றால் என்ன ஆகும்? மகரந்தம் சில பத்து மீட்டர்தான் போகும். ஆனால் வாய்க்காலோரச் செடிக்கு வயல் ஒரு மீட்டரில் இருக்கிறது. முதல் கலப்பு வாரிசு காட்டு நெல்போலவே மணி உதிர்க்கும், அதனால் அங்கேயே முளைத்துத் திரும்பக் கலக்கும். தலைமுறை போகப்போகத் தண்டு நிமிரும், வால் குறுகும், மகரந்தப்பை சிறுக்கும், கதிரில் பதர் கூடும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் பள்ளம் நிறைய காட்டு நெல் இருப்பதாகவே தோன்றும். வேறுபாடு எவ்வளவு என்று மட்டும் அளந்தால் கூடியதாகக்கூடக் காட்டும், ஏனெனில் சாகுபடி நெல்லின் வடிவங்களும் உள்ளே வந்துவிட்டன. எவ்வளவு என்பதோடு எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்டால்தான் உண்மை வெளிப்படும். அதனால் காப்பிடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது வயலை ஒட்டியதை விடக் காட்டுக்குள்ளும் வயலற்ற ஏரிக்கரையிலும் இருக்கும் கூட்டங்களுக்கு முன்னுரிமை தர வேண்டும்.

வேலி போட்டுப் பூட்டிவிடுவது பாதுகாப்பு ஆகிவிடாது. நிவாராவின் நாற்றுக்கு வெளிச்சமும் வெறும் சேறும் வேண்டும். எருமையும் மாடும் மிதித்து மேய்ந்த கரையில் அது கிடைக்கிறது. மேய்ச்சலை அடியோடு நிறுத்தினால் சம்பும் உயர்ந்த புல்லும் மூடிக்கொள்ளும். கதிர் வரும் காலத்தில் மட்டும் மேய்ச்சலைத் தடுத்து மற்ற மாதங்களில் விடுவதே பொருத்தம் என்று கருதுகிறோம். சீனத்தின் ஜியாங்சி மாகாணத்தில் 1978இல் கண்டறிந்த தோங்ஷியாங் காட்டு நெல், இயற்கையாக வளரும் காட்டு நெல்களில் மிக வடக்கே, 28 டிகிரி அட்சரேகையில் நிற்பது. குளிரைத் தாங்கும் பண்பு அதற்கு உண்டு. கண்டபோது இருந்த கூட்டங்களில் பெரும்பாலானவை பிறகு அழிந்தன. எஞ்சியவற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். சுவருக்குள் களை மேலாண்மை இன்றும் தொடர வேண்டிய வேலையாகவே இருக்கும்.

இலங்கையின் நிலை தனித்துச் சொல்லத்தக்கது. சிறிய தீவில் ஐந்து காட்டு நெல் இனங்கள்: நிவாரா, ருஃபிபோகன், கிரானுலாட்டா, எய்சிங்கேரி, ரைசோமாட்டிஸ். எய்சிங்கேரி ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. வேர்த்தண்டுக்கிழங்கு விடும் ரைசோமாட்டிஸ் உலகில் இலங்கையின் உலர் வலயத்தைத் தவிர வேறெங்கும் இல்லை. 1990இல்தான் அதைத் தனி இனமாக விவரித்தார்கள். அங்கே ஒரு கூட்டம் போனால் ஈடு செய்ய வேறு நாடு கிடையாது. நிவாராவும் ருஃபிபோகனும் வயலுக்கு அருகில் நிற்பதால் கலப்பு ஆபத்தில் இருக்கின்றன. ரைசோமாட்டிஸ் தொலைவான மரபுத்தொகுதி, சாகுபடி நெல்லோடு எளிதில் கலக்காது. அதற்கு ஆபத்து வாழிடம் அழிவதுதான். ஒரே தீவில் இரண்டுக்கும் இரண்டு விதமான காவல் வேண்டும்.

உலக அளவில் 2016இல் வெளியான ஒரு கணக்கு, 81 பயிர்களின் 1,076 காட்டு உறவின வகைகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் 313 வகைகளுக்கு எந்த விதை வங்கியிலும் ஒரு மாதிரிகூட இல்லை. நெல் ஒப்பீட்டளவில் நல்ல நிலையில் இருக்கும் பயிர். கத்தரிக்கும் வாழைக்கும் இப்படிச் சொல்ல முடியாது.

நெல்லிலும் வங்கிக்குள் அடங்காத ஒன்று நம் கரையிலேயே இருக்கிறது. பிச்சாவரத்தின் அலையாத்திச் சேற்றில், ஓதநீர் ஏறி இறங்கும் இடத்தில் ஒரைசா கோஆர்க்டாட்டா வளர்கிறது. இலையின் மேல்புறத்து நுண்மயிர்கள் வழியாக உப்பை வெளியேற்றிவிடும் செடி. காலையில் இலையைத் தடவினால் விரலில் உப்பு ஒட்டும். அதன் விதையை உலர்த்தினால் செத்துவிடும். ஈரத்தோடு உறையவைத்தாலும் செத்துவிடும். மைனஸ் 18 டிகிரி அறை அதற்கு உதவாது. 59 பிரதி, 299 பிரதி என்ற கணக்கை அங்கே விதையுறையில் நிறைவேற்ற வழியில்லை. அந்தச் சேற்றுத்திட்டில் அத்தனை செடிகளும் வேரோடு நின்றுகொண்டிருந்தால் மட்டுமே அந்தக் கணக்கு நிற்கும்.